செடி வளர்ச்சியைக் குறித்து வைக்க எது சரி: நோட்டா, போட்டோவா, ஷீட்டா, ஆப்பா, சென்சாரா?

போன மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் 18 குரோ பேக் இருக்கிறது. "போன வருஷம் தக்காளி எப்போ நட்டேன், எப்போ காய்ப்புக்கு வந்துச்சுன்னு ஒண்ணுமே ஞாபகம் இல்ல தம்பி. ஆப் ஏதாவது போடணுமா, இல்ல நோட்டே போதுமா?" அதே வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டான். பி.வி.சி. குழாயில், மண் இல்லாமல் தண்ணீரிலேயே லெட்டூஸும் (சாலட் இலை) கீரையும் வளர்க்கிறான். "சென்சார் செட் ஏழாயிரம் ரூபாய் ஆகும்ங்கிறாங்கண்ணா. வாங்கிடவா?"

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டு பேருக்கும் பதில் வேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாடியில் 26 பைகளில் மண் கலவைச் செடிகள், 60 லிட்டர் டப்பா ஒன்றில் ஏர் பம்ப் வைத்த ஹைட்ரோபோனிக்ஸ் (மண் இல்லாமல் உரக்கரைசலில் வளர்ப்பது), அதே முறையில் பம்பே இல்லாத நாலு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. ஐந்து வருடத்தில் நோட்டு, போட்டோ, ஷீட், ஆப், சென்சார் ஐந்தையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் செடி எவ்வளவு வேகமாகக் கெடும் என்பது. பணத்தைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த ஒரு பை ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் தாங்கும். சத்துக் குறைந்தால் இலை வெளிறுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை உட்கார்ந்து கவனமாகப் பார்த்து எழுதினாலே எதையும் தவறவிட மாட்டீர்கள். ஹைட்ரோபோனிக்ஸில் வேருக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும்தான். மே மாதத்தில் பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் செடி தலை தொங்கும். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) ஏறினால் இரண்டு மூன்று நாளில் கொழுந்து மஞ்சளாகும். அங்கே வாராந்திரக் குறிப்பு என்பது நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும், காப்பாற்றாது.

இரண்டாவது, உங்களுக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்? "எப்போது விதைத்தேன்" என்பது தேதிக் கேள்வி. "எந்த ரகம் அதிகம் காய்த்தது" என்பது எடைக் கேள்வி. "ஏன் இலை சுருண்டது" என்றால் கண்ணால் பார்த்ததன் பதிவு வேண்டும். கேள்வி மாறினால் கருவியும் மாறும்.

மூன்றாவது, எழுதும் கை. மண்ணும் வேப்பெண்ணெயும் ஒட்டிய கையோடு போனைத் தொட மனம் வராது. "கீழே போய் எழுதிக்கலாம்" என்று இறங்கினால் அடுப்பில் பால் பொங்கும், யாராவது போன் செய்வார்கள், அன்றைய குறிப்பு போய்விடும். செடி நிற்கிற இடத்திலேயே எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது நம் ஊர் விஷயம். தேவனாம்பட்டினத்திலிருந்து வைத்திக்குப்பம் வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. செம்புக் கம்பி முனையில் ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, அதோடு மின்தடை. வேறு ஊரில் நன்றாக ஓடும் சாமான் இங்கே அதே மாதிரி ஓடும் என்று நம்பி வாங்கக் கூடாது.

இவற்றோடு முதல் நாள் செலவு, பின்னால் வரும் செலவு, மூன்று வருடம் கழித்துப் புரட்டிப் பார்க்க முடியுமா என்பதும் சேரும்.

எதை அளப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் ஸ்கேல் எடுத்து உயரத்தை அளக்கிறார்கள். உயரம் ஏமாற்றும். வெயில் போதாத தக்காளிதான் கிடுகிடுவென்று உயரும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு பென்சில் மாதிரி மெலிந்திருக்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் கணு இடைவெளி, முதல் பூ வந்த நாள், பறித்த எடை இவை போதும். கீரைக்கு விதைத்த நாளும் அறுத்த எடையும். தண்ணீரில் வளர்ப்பதற்கு மட்டம் எவ்வளவு இறங்கியது, ஈ.சி. (மின்கடத்தும் திறன், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும்), பி.எச்., தண்ணீரின் சூடு.

## நோட்டு

40 ரூபாய் நோட்டும் ஒரு பென்சிலும். பேனா வேண்டாம், ஜெல் பேனா கண்டிப்பாக வேண்டாம். ஒரு தூறலில் ஒரு மாத எழுத்து நீலக் கறையாகிவிடும். பென்சில் எழுத்து நனைந்து காய்ந்தாலும் நிற்கும். நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மாடிக்கதவின் உள்பக்க ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

*வெண்டை. பை 1 முதல் 4. பைக்கு 3 விதை. விதைத்தது ஜூலை 20.*
*நாள் 5: 12-ல் 10 முளைத்தது. பை 3-ல் ஒன்று எறும்பு.*
*நாள் 14: பைக்கு ஒன்று வைத்து மற்றதைக் கிள்ளியாச்சு.*
*நாள் 31: அசுவினிப் பூச்சி, பை 2, கொழுந்துக்கு அடியில். வேப்பெண்ணெய் 5 மி.லி. + சோப்பு, 1 லிட்டருக்கு.*
*நாள் 39: பை 1, 2 முதல் பூ.*
*நாள் 45: பை 3, 4 முதல் பூ. பை 1, 2 முதல் பறிப்பு 85 கிராம்.*

தேதியை விட நாள் எண்ணிக்கையில் எழுதியதுதான் இதில் முக்கியம். விதைத்த நாளை சைபர் என்று வைத்தால் ஆடிப்பட்டத்தையும் தைப்பட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 3, 4 பைகள் ஆறு நாள் பின்தங்கியதைப் பார்த்ததும் விதைதான் மட்டம் என்று நினைத்தேன். அடுத்த பட்டத்திலும் அதே இடத்தில் அதே ஆறு நாள். அன்று காலை எட்டு மணிக்கு மாடியில் நின்று பார்த்தேன். சிமென்ட் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்பதரை வரை அந்த இரண்டு பைகள் மேலேயே கிடந்தது. இரண்டு பட்டத்துக் குறிப்பு இல்லாவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது. இப்போது அங்கே புதினா இருக்கிறது, நன்றாக வருகிறது.

நோட்டில் மறைந்திருக்கும் செலவு தேடும் நேரம். நாள்வாரியாக எழுதிக்கொண்டே போனால் "போன வருஷம் பாகல் எப்போ நட்டேன்" என்று நாற்பது பக்கம் புரட்ட வேண்டும். முன்பக்கமிருந்து நாள்வாரிக் குறிப்பு, பின்பக்கமிருந்து செடிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு பக்கமும் தொடங்குங்கள். இன்னொன்று, நோட்டு கூட்டல் கழித்தல் போடாது, வரைபடம் காட்டாது. தொலைந்தால் நகலும் கிடையாது. மாதக் கடைசியில் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்தால் அந்தக் கவலை தீரும்.

50 பைகளுக்குள் மண்ணில் வளர்ப்பவர்கள், வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறவர்கள், போனில் தட்டச்சு செய்யப் பிடிக்காத பெரியவர்கள் இவர்களுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. என் அம்மா என் நோட்டில் எழுதுவார். ஷீட்டில் ஒரு நாளும் எழுதியதில்லை.

## போட்டோ

நோட்டுக்கு வராத ஒன்று போட்டோவுக்கு வரும்: நிறம். "இலை கொஞ்சம் மஞ்சள்" என்று எழுதினால் எந்த இலை, நரம்பு பச்சையா, ஓரம் கருகியிருக்கிறதா என்று பிறகு நினைவிருக்காது. கீழ் இலை முழுதும் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. இரும்பை ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு அவ்வளவு எளிதாக நகர்த்த முடியாது. இந்த வித்தியாசம் படத்தில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் மனம்போன போக்கில் எடுத்த படங்களை ஒப்பிட முடியாது. வாரம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு, வெயில் நேராக விழுவதற்கு முன், அதே இடத்தில் நின்று எடுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட மூங்கில் குச்சியைப் பையில் நட்டுவிட்டால் உயரமும் படத்திலேயே வந்துவிடும். பை எண், தேதி எழுதிய வெள்ளைத் தாள் ஒன்றைச் செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் இலையின் நிறமும் உண்மை. தாளே மஞ்சளடித்தால் அது மாலை வெளிச்சத்தின் வேலை. நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். தாளில் தேதி எழுதச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்ப விசேஷப் படங்களோடு கலந்துவிடாமல் தனி ஆல்பம் வேண்டும். 26 பைக்கு வாரம் ஒரு படம் என்றால் வருடத்துக்கு 1,350 படம் சேரும், போன் நிறைந்துவிடும். பிரச்சினை உள்ள செடிகளோடு மற்றவற்றுக்கு மாதிரியாக ஆறு ஏழு "சாட்சிச் செடிகளை" மட்டும் எடுப்பது என் வழக்கம்.

யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டியிருக்கும்போது போட்டோதான் கைகொடுக்கும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டை காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நமக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஒரே செடியின் நாலு வாரப் படத்தை வரிசையாகக் காட்டினால், வாடிய ஒரு இலையைக் கொண்டுபோய் நீட்டுவதை விட நல்ல பதில் கிடைக்கும்.

## ஷீட்

கூகுள் ஷீட்ஸ் இலவசம். கணக்கு அதுவே போடும். முதல் பறிப்பு வரை எத்தனை நாள், பைக்கு எத்தனை கிராம் என்பதெல்லாம் சூத்திரம் ஒருமுறை எழுதினால் தானாக வந்துவிடும். இரண்டு ரகத்தை ஒப்பிடுகிறவர்களுக்கும், விதை சேகரிப்பவர்களுக்கும், கீரை விற்கிறவர்களுக்கும் இது தேவை.

இதன் செலவு தினசரி உழைப்பு. இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து தட்டச்சு செய்வது மூன்று வாரம் ஓடும், நாலாவது வாரம் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் இரண்டு முறை நின்றது. இடையில் காலியான கட்டங்களைப் பார்த்தால் திரும்பத் தொடங்கவும் மனசு வராது. இப்போது தினசரி நோட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஷீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேர வேலை. போனில் தமிழில் பேசினாலே எழுத்தாகிறது என்பதால் கைவலியும் இல்லை.

ஹைட்ரோபோனிக்ஸுக்கு ஷீட் கூடுதலாக ஒன்று செய்யும். ஈ.சி.யை எண்ணாகப் பார்த்தால் 1.2, 1.3, 1.3, 1.4 என்று ஒன்றும் சொல்லாது. கோடாக வரைந்தால் மெல்ல ஏறிக்கொண்டே போவது தெரியும். மட்டம் இறங்கி ஈ.சி. ஏறினால் செடி சத்தை விடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். மட்டமும் இறங்கி ஈ.சி.யும் இறங்கினால் உரக்கரைசல் சேர்க்க வேண்டும்.

## ஆப்

செடி வளர்ப்பு ஆப்களில் நல்ல விஷயம் நினைவூட்டல். "இன்று தண்ணீர்", "இன்று உரம்" என்று மணியடிக்கும். வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு அலங்காரச் செடி வைத்திருப்பவர்களுக்கும், வேலை நெருக்கடியில் மறந்துபோகிறவர்களுக்கும் அது பெரிய உதவி.

காய்கறித் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கணக்கில் செய்யப்பட்டவை. உறைபனி எப்போது முடியும் என்று கேட்கும், வடகிழக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று அதற்குத் தெரியாது. அரைக்கீரையைத் தேடினால் பட்டியலில் இருக்காது. இலவசக் கணக்கில் இத்தனை செடிதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். நான் பயன்படுத்திய ஒன்று திடீரென்று மூடப்பட்டது. 14 மாதக் குறிப்பு அதோடு போயிற்று, வெளியே எடுக்க வழியே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆப்தான் வேண்டும் என்றால், சேர்த்த குறிப்பை ஃபைலாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

## மீட்டர் பேனா

ஹைட்ரோபோனிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம். சென்சார் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் வைஃபையில் ஓடுவதை நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் தேவைப்படுவது கையில் பிடிக்கிற இரண்டு பேனாக்கள்: ஈ.சி. அல்லது டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) பேனா ஒன்று, பி.எச். பேனா ஒன்று. சாதாரண வகை இரண்டும் சேர்ந்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும்.

இதில் மறைந்திருக்கும் விஷயங்கள் நிறைய. டி.டி.எஸ். பேனா தண்ணீரில் கரைந்த சத்தை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில பேனா 500-ஆல் பெருக்கும், சில 700-ஆல். ஈ.சி. 1.2 உள்ள அதே கரைசல் ஒரு பேனாவில் 600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), இன்னொன்றில் 840. நண்பரின் பேனா எண்ணைக் கேட்டு உங்கள் பேனாவுக்குக் கரைசல் கலந்தால் கணக்கு தப்பும். ஈ.சி.யிலேயே எழுதப் பழகிவிடுங்கள். லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 வரை, துளசி வகைகளுக்கு 1.0 முதல் 1.6, தக்காளிக்கு 2-க்கு மேல் என்பது தொடக்கத்துக்குப் போதுமான கணக்கு.

அதை விட நம் ஊருக்கு முக்கியமானது அடித்தண்ணீர், அதாவது உரம் கலப்பதற்கு முன் உள்ள வெறும் தண்ணீர். கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் மழை முடிந்த தை மாதத்தில் ஈ.சி. 0.8 காட்டும், அடுத்த வைகாசியில் 1.5 காட்டியது. உரம் ஒரு சொட்டுக்கூட விடாமலே லெட்டூஸின் அளவைத் தாண்டிவிட்டது! பேனாவுக்கு உரத்தின் உப்பும் கடல் உப்பும் ஒன்றுதான். அடித்தண்ணீரை அளக்காமல் கரைசலை மட்டும் அளந்து, "1.5 இருக்கு, சத்து போதும்" என்று நான் இரண்டு வாரம் விட்டுவைத்த கீரை பட்டினியில் நின்றது. அதற்குப் பிறகு மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலக்கிறேன். ஒவ்வொரு முறை டப்பா நிரப்பும்போதும் உரம் சேர்ப்பதற்கு முன் ஒரு எண், சேர்த்த பின் ஒரு எண் எழுதுகிறேன். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செடிக்குப் போகிற சாப்பாடு.

பி.எச். பேனாவுக்குப் பராமரிப்பு வேண்டும். 4.01, 6.86 அளவுத் தூள் பாக்கெட்டைக் கரைத்து மாதம் இரண்டு முறையாவது சரிபார்க்க வேண்டும். முனை காயக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் ஊற வைத்தாலும் கெடும், பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு மூடியில் விட்டு வைக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் முனைக்கு ஒன்றிரண்டு வருட ஆயுள்தான். இது திரும்பத் திரும்ப வரும் செலவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய அளவு 5.5 முதல் 6.5. எங்கள் போர் தண்ணீர் 7.8-ல் தொடங்குகிறது, அதனால் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மண்ணில் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பேனாக்கள் தேவையில்லை. போர் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை அளக்க யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும்.

## எப்போதும் ஓடும் சென்சார்

ஒரு சித்திரைக் கடைசியில் என் 60 லிட்டர் டப்பாவில் பசலைக்கீரை வாடத் தொடங்கியது. தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து எழுதியிருந்தேன்: ஈ.சி. சரி, பி.எச். சரி, தண்ணீர் 27 டிகிரி. ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. செடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் கழன்று வந்தது, சாக்கடை வாடை. அன்று மதியம் இரண்டரைக்கு மாடியேறி அளந்தேன். தண்ணீர் 36 டிகிரி.

சூடான தண்ணீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் அழுகல் பூஞ்சைகளுக்கோ அந்தச் சூடு கொண்டாட்டம். நான் எழுதிய எண் ஒவ்வொன்றும் உண்மைதான், ஆனால் எல்லாம் காலை ஏழு மணியின் உண்மை. நாம் பார்க்காத நேரத்தில் நடப்பதைச் சொல்வதற்குத்தான் ஓடிக்கொண்டே இருக்கும் சென்சார்.

அதற்காக ஏழாயிரம் செலவழிக்க வேண்டுமா? அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், நீளமான ஒயரில் தண்ணீருக்குள் விடும் முனையோடு, 300 ரூபாய் சுற்றளவில் கிடைக்கிறது. நான் அதைத்தான் வாங்கினேன். காலையில் பட்டனை அழுத்தினால் நேற்றைய உச்சம் தெரியும். டப்பாவுக்கு தெர்மாகோல் சுற்றி, மேலே பச்சை வலை கட்டி, மதியம் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மிதக்க விட்ட பிறகு உச்சம் 30-ல் நின்றது.

முழு செட் வைத்தும் பார்த்தேன். இ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), தண்ணீருக்கு டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார், பைகளுக்கு நாலு ஈரப்பத சென்சார். போர்டு 500 ரூபாய், சென்சார்கள் நூறு நூற்றைம்பது என்று பார்க்கும்போது மலிவாகத்தான் தெரியும். பெட்டி, சார்ஜர், ஒயர், நிரல் எழுதிய இரண்டு வார இறுதி எல்லாம் தனி. 2.4 கிகா ஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும், எங்கள் மொட்டை மாடிக்கு அது எட்டவில்லை என்று இன்னொரு ரௌட்டர் வந்தது.

ஈரப்பத சென்சாரில் இரண்டு வகை. முட்கரண்டி மாதிரி உலோகக் கால் வெளியே தெரிவது மலிவு. மின்சாரம் அந்தக் கால் வழியாகவே போவதால் அது அரித்துக்கொண்டே வரும். என்னிடம் இருந்த இரண்டும் மூன்று மாதத்தில் எலும்புக்கூடாகிவிட்டன. பூச்சுக்குள் மறைந்திருக்கும் கெபாசிட்டிவ் வகை நீடிக்கும், ஆனால் பலகையின் வெட்டு ஓரத்தில் ஈரம் ஏறாமல் நகப்பூச்சு தடவ வேண்டும். ஒவ்வொன்றையும் உங்கள் கலவையிலேயே காய்ந்த அளவு, நனைந்த அளவு என்று பார்த்துப் பதிய வேண்டும். நார்க்கழிவில் "ஈரம்" என்று சொல்லும் எண் செம்மண்ணில் வேறு. இத்தனையும் செய்வதற்குப் பதில் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கலாம், பையின் ஓரத்தைத் தூக்கி கனம் பார்க்கலாம். 26 பைக்கு எனக்கு அது பத்து நிமிடம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது சென்சார் பதிவு மாலையிலேயே நின்றுவிட்டது, மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் காலை நான் நோட்டில் எழுதியது இருக்கிறது: எந்தப் பை சாய்ந்தது, எதில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டியது, ஜாடிகளில் எது நிறைந்து வழிந்தது. பம்ப் இல்லாத ஜாடிகள்தான் நன்றாகத் தப்பின. வேரின் மேல்பாதி காற்றில் இருந்ததால் அவற்றுக்குக் கரன்ட் தேவைப்படவில்லை.

இருந்தும் சென்சாரை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். நூறு இருநூறு துளைக் குழாய் ஓட்டி விற்பனை செய்கிறவர்களுக்கும், அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் பம்ப் நின்றதும் போனுக்குச் செய்தி வருவது ஒரு அறுவடையையே காப்பாற்றும். அதை வாங்கும்போது பேட்டரி பேக்கப்பும் சேர்த்தே வாங்குங்கள். கரன்ட் போனதைச் சொல்ல வேண்டிய கருவி கரன்ட்டோடு சேர்ந்து அணைந்துபோகக் கூடாது. ரௌட்டருக்கும் பேக்கப் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | பின்னால் வரும் செலவு | உப்புக்காற்று, மழை, மின்தடை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| நோட்டு | 50 ரூபாய்க்குள் | தேடும் நேரம் | கவரில் வைத்தால் கவலை இல்லை | மண் பைகள், பலர் பார்க்கும் தோட்டம் |
| போட்டோ | போன் இருந்தால் இல்லை | போன் இடம், ஆல்பம் அடுக்குவது | பாதிப்பு இல்லை | இலை நிறம், பூச்சி, ஆலோசனை கேட்க |
| ஷீட் | இல்லை | தட்டச்சு நேரம் | பாதிப்பு இல்லை | ரக ஒப்பீடு, விற்பனை, கரைசல் போக்கு |
| ஆப் | இல்லை அல்லது சந்தா | குறிப்பு கைவிட்டுப் போகும் ஆபத்து | பாதிப்பு இல்லை | வீட்டுக்குள் வளரும் அலங்காரச் செடிகள் |
| மீட்டர் பேனா | 1,000–1,500 ரூபாய் | சரிபார்ப்புத் தூள், பி.எச். முனை | உலர்ந்த டப்பாவில் வைக்க வேண்டும் | எல்லா ஹைட்ரோபோனிக்ஸும் |
| ஓடும் சென்சார் | 300 முதல் பல ஆயிரம் | அரிப்பு, பேக்கப், நிரல் வேலை | மூன்றும் பகை | பெரிய அமைப்பு, ஆள் இல்லாத வீடு |

## கேட்ட இருவருக்கும்

லாஸ்பேட்டை அக்காவுக்கு: நோட்டு போதும். பைகளுக்கு 1 முதல் 18 வரை பெயின்ட்டில் எண் எழுதுங்கள், மார்க்கர் வெயிலில் போய்விடும். செடிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நட்ட நாள், முதல் பூ, முதல் பறிப்பு, பறித்த எடை இந்த நாலை மட்டும் எழுதுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் அதுவே எடைக்குச் சரி. இலையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் மட்டும் தாள் வைத்துப் படம் எடுங்கள். தக்காளி நாற்றை மழை ஓய்ந்து மார்கழியில் நட்டுப் பார்த்து, இன்னொரு பையில் தை கடைசியில் நட்டுப் பாருங்கள். வெயில் 35 டிகிரி தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ உதிரும் என்பதால் இரண்டு பைக்கும் நடுவில் எத்தனை கிலோ வித்தியாசம் வருகிறது என்று உங்கள் மாடியே சொல்லிவிடும்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: ஏழாயிரத்தை இப்போது செலவழிக்காதே. இரண்டு பேனா, சரிபார்ப்புத் தூள், உச்சம் காட்டும் தெர்மாமீட்டர் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடியும். ஒரு அட்டையை டேங்க் மேலேயே கயிற்றில் கட்டு: தேதி, நேரம், மட்டம், ஈ.சி., பி.எச்., நேற்றைய உச்சச் சூடு, இன்று என்ன சேர்த்தாய். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதே, சேர்த்ததை எழுதாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. லெட்டூஸைக் கார்த்திகையில் தொடங்கி மாசிக்குள் முடித்துக்கொள், வெயிலில் அது தண்டு விட்டுக் கசக்கும். கோடைக்குக் கீரையும் துளசி வகையும் போடு. வேலை கிடைத்து ஊரை விட்டுப் போக வேண்டி வந்தால், அம்மா அப்பாவிடம் டேங்கை விட்டுப் போகும் முன் பம்புக்கு பேட்டரியும் மின்தடை எச்சரிக்கையும் வாங்கலாம். அட்டையை இன்றைக்கே கட்டிவிடு, முதல் வரியில் உரம் கலப்பதற்கு முன் உன் வீட்டுத் தண்ணீரின் ஈ.சி.யை எழுது.